கொழுந்து மூட்டையும் யானைக் காலடியும்

கோயம்புத்தூர் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பைக்குள் கைவிட்டு ஒரு மதியச் சாப்பாட்டுப் பெட்டியை வெளியே எடுத்தார். மூடியைத் திறந்தார். சோற்றுக்குப் பதிலாகப் பச்சை நிற மின்சுற்றுப் பலகையும் வயர்க் கூட்டமும் இருந்தன. அடுத்து, அடியில் ஆணி முளைத்த சின்னச் சின்னக் குப்பிகள் ஒவ்வொன்றாக மேசைக்கு வந்தன.

“என்னம்மா இதெல்லாம்?”

“யானை நடந்து வாறத மண்ணுக்குள்ள இருந்து கேக்கிற கருவி, சேர்.”

“யானை நடந்தா சும்மாவே கேக்குமே?”

“கேக்காது சேர். அதுதான் பிரச்சினை.”

அவர் பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக்கொண்டார். நான் அங்கேயே ஒரு குட்டி விரிவுரை நடத்தினேன். யானையின் பாதத்துக்கு அடியில் தடித்த கொழுப்பு மெத்தை இருக்கிறது. அவ்வளவு எடையையும் மெத்தென்று வைத்து மெத்தென்று எடுக்கும். பனிமூட்டத்தில் பக்கத்துப் புதருக்குப் பின்னால் நின்றால்கூட நம் காதுக்குத் தெரியாது. ஆனால் மண்ணுக்குத் தெரியும். ஒவ்வோர் அடிக்கும் நிலம் லேசாக அதிரும். குப்பியை நிலத்தில் குத்திவைத்தால் அந்த அதிர்வு மின்சாரமாக மாறிப் பெட்டிக்கு வரும். யானைதான் என்று பெட்டி முடிவு செய்தால் அபாயச் சங்கு ஊதும்.

“என் மச்சினன் வால்பாறைல வேலை பாக்கறானுங்க,” என்றார் அதிகாரி. பெட்டியை அவரே பத்திரமாக மூடிக் கொடுத்தார். “நெசமா வேலை செஞ்சா நல்லதுதான்.”

நிஜமாக வேலை செய்யுமா என்பது எனக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் கடல் தாண்டி வந்திருந்தேன். நான் மட்டக்களப்பில் பௌதிகவியல் விரிவுரையாளர். எங்கள் வயல்வெளிகளின் காய்ந்த மணல் நிலத்தில் இந்தப் பெட்டி நன்றாகவே யானையைக் கண்டுபிடித்தது. இணையவழிக் கூட்டமொன்றில் அதைப் பற்றிக் கதைத்தபோது பாலக்காட்டுக்காரியான ரேவதி என்ற காட்டுயிர் ஆய்வாளர் ஒரு கேள்வி கேட்டாள். “ஈர மண்ணு, சரிவு, தேயிலை வேர் பின்னிக் கிடக்கற எடம். அங்க கேக்குமாங்கக்கா?” கூட்டத்தில் இருந்த ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. ஆராய்ச்சி செய்கிறவளுக்கு அதைவிட நல்ல அழைப்பிதழ் வேறென்ன இருக்கிறது?

ரேவதி வெளியே பழைய காரோடு காத்திருந்தாள். திரையில் பார்த்ததைவிட உயரம், திரையில் கேட்டதைவிட வேகமான பேச்சு. வாளையாறு தாண்டும் வரை அவள் பேசினாள், பிறகு நான் பேசினேன், பிறகு இருவரும் ஒன்றாகவே பேசினோம். நடுவில் பாதை தவறி ஒரு செங்கல் சூளைக்குள் போய்த் திரும்பினோம்.

அவள் வீடு பாலக்காட்டின் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய தென்னந்தோப்புக்குள் இருந்தது. இறங்கியதும் என் சால்வை பறந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே மட்டும் விட்டுக்கொடுத்து ஒரு வாசல் வைத்திருக்கிறது, அந்த வாசல் வழியே காற்று ஓயாமல் வருகிறது. ரேவதியின் அப்பா பழனிச்சாமி சால்வையைத் துரத்திப் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தார்.

“வாங்க அம்மிணி. இங்க நெம்பக் காத்துங்க. எல்லாத்தையும் இறுக்கிப் புடிச்சுக்கோணும். ஊட்டுக்குள்ள வாங்க.”

உள்ளே சந்தகை தயாராக இருந்தது. எங்கள் ஊர் இடியப்பத்தின் உறவுதான், ஆனால் பிழிகிற முறை தலைகீழ். நாங்கள் மாவைப் பிழிந்து பிறகு அவிப்போம். இவர்கள் அவித்த மாவைப் பிழிகிறார்கள். தேங்காய்ப் பாலும் வெல்லமும் ஊற்றி ஒரு தட்டு, எலுமிச்சை போட்டுத் தாளித்து இன்னொரு தட்டு. மூன்றாவது தட்டுக்கு நான் மறுத்தபோது பழனிச்சாமி வருத்தமாகக் கேட்டார்: “ஏனுங்க, நல்லால்லீங்களா?” சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் தோப்பில் குப்பிகளைக் குத்தினோம். மடிக்கணினித் திரையில் கோடு கிடுகிடுவென்று ஆடியது. யானை இல்லை, மாடு இல்லை, ஆள்கூட இல்லை. நிலம் தானாக ஆடுவதுபோல் இருந்தது. கருவி கடல் தாண்டியதில் கெட்டுவிட்டதோ என்று வயர்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தேன். ரேவதி தலையை நிமிர்த்தித் தென்னைகளைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். காற்றில் மரங்கள் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தன. சாயும்போது வேர் மண்ணை இழுக்கிறது, நிமிரும்போது விடுகிறது. தோப்பு முழுவதும் நிலத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது!

இருவரும் கத்திவிட்டோம். எங்கள் ஊர் வயலோரத்தில் இப்படியொரு சிக்கலே எனக்கு வந்ததில்லை. பழனிச்சாமி கடப்பாரையோடு வந்தார். மரமில்லாத கடைசி வயலில், முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்துப் பார்க்கலாம் என்றேன். யாரையும் கடப்பாரையைத் தொட விடாமல் எல்லாக் குழியையும் அவரே தோண்டினார். கோடு அடங்கியது.

யானை மதியம் வந்தது. கோயில் திருவிழாக்களுக்குப் போகிற வளர்ப்பு யானை, பெயர் பார்வதி. இதற்கான அனுமதிகளுக்காக ரேவதி பல மாதம் அலைந்திருந்தாள். பாகன் மலையாளம் மட்டும் பேசினார். ரேவதி எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். முதல் நடையில் பார்வதி வயலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, கல்யாண வீட்டுக்கு வந்தவள்போல, ஒரு தப்பில்லாமல் நடந்தாள். திரையில் கோடு அழகாக எழுந்து விழுந்தது.

இரண்டாம் நடையில் பாதி வழியில் நின்றாள். சரியாகக் குப்பி புதைந்த இடம். துதிக்கையால் மண்ணை முகர்ந்தாள், வயரைக் கண்டுபிடித்தாள், இழுத்தாள். வயரின் மறுமுனையில் என் சாப்பாட்டுப் பெட்டி இருந்தது. அது வரப்பிலிருந்து குதித்து வயலில் உருண்டு அவளிடம் போனது. அவள் அதைத் தூக்கித் தன் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டாள். இரண்டு வருட உழைப்பு அந்தரத்தில் நின்றது.

பாகன் பதறாமல் ஏதோ சொன்னார். “அவளுக்குப் பசி இல்லையாம், பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கறாளாம்,” என்றாள் ரேவதி.

பழனிச்சாமி வீட்டுக்கு ஓடி ஒரு வாழைத்தாரையே சுமந்து வந்தார். பார்வதி தாரைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். யோசித்தாள். பிறகு பெட்டியை, நானே வைத்திருந்தாலும் அவ்வளவு மெதுவாக வைத்திருக்க மாட்டேன், வரப்பின் மேல் திரும்ப வைத்தாள். பாகன் மறுபடி ஏதோ சொல்லிச் சிரித்தார். “ஆராய்ச்சி முடிஞ்சுதாம்,” என்றாள் ரேவதி.

பதிவு அழியவில்லை. காலடி அதிர்வு மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலி என்பதால், அதை வேகமாக ஓடவிட்டுத்தான் கேட்க முடியும். காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். தும்-தும். ஓர் இடைவெளி. தும்-தும். ஒரு பக்கத்துப் பின்கால் விழுந்த கையோடு அதே பக்கத்து முன்கால் விழுகிறது, பிறகுதான் மறுபக்கம். இரட்டை இரட்டையாக நடக்கிறது யானை! எங்கள் மணலில் இது இவ்வளவு தெளிவாகப் பதிந்ததே இல்லை. வீட்டில் எல்லோரும் வரிசையாக நின்று ஆளுக்கு ஒருமுறை கேட்டார்கள். பழனிச்சாமி இரண்டுமுறை கேட்டார்.

அங்கிருந்து, ரேவதி கேட்ட ஈரச் சரிவைத் தேடி, மூணாறு பக்கத்துத் தேயிலை மலையான சின்னக்கானலுக்குப் புறப்பட்டோம். பொள்ளாச்சி, உடுமலை, பிறகு காடு. ஏற்றம் தொடங்கியதும் ரேவதியின் கார் முனகியது. மறையூருக்குக் கொஞ்சம் முன்னால் முன்மூடியிலிருந்து புகை கிளம்பியது. குரங்குகள் சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. ரேவதி தண்ணீர் ஊற்றினாள், கெஞ்சினாள், கடைசியில் டயரை ஓர் உதை உதைத்தாள். கார் அசையவில்லை.

வளைவில் கேரள அரசுப் பேருந்து வந்தது. கை காட்டினோம், நின்றது. பெட்டிகளும் வயர்ச் சுருள்களும் சங்குமாக நாங்கள் ஏறியதில் பேருந்தின் நடைபாதை அடைபட்டது. சன்னலோரப் பெண் ஒருத்தி கேட்காமலே குப்பிப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ரேவதி விவரம் சொன்னதும் பின்னாலிருந்து ஒரு பெரியவர் மலையாளத்தில் உரக்க ஏதோ சொல்ல, பேருந்தே சிரித்தது. கேரளத்தில் அரசுப் பேருந்துக்கு மக்கள் வைத்த செல்லப் பெயர் ஆனவண்டியாம், பக்கவாட்டில் யானை முத்திரை இருப்பதால். அவர் சொன்னது இதுதான்: “ஆனைக் கருவி ஆனவண்டியில் போகாமல் வேறு எதில் போகும்?”

மூணாறில் ஜீப் மாறிச் சின்னக்கானல் சேர்ந்தபோது சரியான குளிர். நான் ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். ஆகவே சரிவுகள் ஆச்சரியம் தரவில்லை. சொற்கள்தான் தந்தன. தொழிலாளர் வீட்டு வரிசைக்கு அங்கேயும் லயம், இங்கேயும் லயம். கொழுந்து, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற மஸ்டர் எல்லாம் அப்படியே. ஆனால் பால் விடாத தேநீரை நாங்கள் பிளேன்டி என்போம், இவர்கள் கட்டன் என்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் என்னை மிஸ் என்பார்கள், இங்கே இறங்கிய நிமிடத்திலிருந்து நான் டீச்சர்.

முதல் கட்டனை ஊற்றிக் கொடுத்தவள் முத்துலட்சுமி. கொழுந்து பறிக்கும் பெண்கள் கூட்டத்துக்கு அவள்தான் முன்னத்தி. ஐம்பதை நெருங்கும் வயது, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், பேச்சில் தயவு தாட்சண்யம் கிடையாது.

“முன்னாலயும் ஒருத்தர் வந்து லைட்டு ஒண்ணு வச்சாரு டீச்சர். நரி வந்தாலும் எரிஞ்சுச்சு, நாயி வந்தாலும் எரிஞ்சுச்சு. பொறவு நாங்க அதப் பாக்குறதையே விட்டுட்டோம். நெசமா ஆன வந்த அன்னைக்கும் எரிஞ்சுச்சு.” இன்னொரு தம்ளரில் கட்டன் ஊற்றினாள். “எங்க அக்கா பேச்சியம்மாவோட வீட்டுக்காரரு. அடுத்த பீல்டுல. காலையில மஞ்சு மூடி, முன்னால நிக்குறது தெரியாமக் கெடந்துச்சு. லைட்டப் பாத்துட்டும், வழக்கம்போலன்னு நெனச்சு எறங்கிட்டாரு. ஏறி வரல.”

நான் தம்ளரைக் கீழே வைத்தேன்.

“அதனால சொல்லுதேன். உங்க பெட்டி சும்மா சும்மா கத்துச்சுன்னா அது இல்லாமலே இருக்கலாம்.”

ஓடைச் சதுப்பு தேயிலையைத் தொடும் இடம்தான் யானைகள் மேலேறும் வழி. அதையொட்டிக் குப்பிகளைப் புதைத்தோம். மஸ்டர் கொட்டகைக் கம்பத்தில் சங்கைக் கட்டினோம். சங்கு ஊதினால் பறிப்பதை விட்டுவிட்டு ரோட்டுக்கு ஏற வேண்டும், அதுதான் ஏற்பாடு.

முதல் நாள் சங்கு ஊதியது. பெண்கள் ஏறினார்கள். யானை இல்லை. இறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஊதியது. மறுபடி ஏறினார்கள், மெதுவாக. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மூன்றாம் முறை ஊதியபோது பாதிப்பேர் தலையைக்கூடத் தூக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. பொய் சொல்லும் கருவி வெறும் தோல்வி இல்லை, அது ஆபத்து. நான் ஓடிப்போய்ச் சங்கின் வயரைப் பிடுங்கினேன்.

முத்துலட்சுமி கொட்டகைக்கு வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். பூட்ஸில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே, “இன்னும் ஒரு நாளு பாருங்க. அதுக்கு மேல வேண்டாம்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ரேவதியும் நானும் மூன்று பொய்யையும் திரையில் விரித்துப் பார்த்தோம். ஜீப் இல்லை, அது தொடர்ந்து உறுமும். கல் உருளவில்லை. கனமான, மெதுவான, சீரான அடிகள். சத்தியமாக யானைதான் என்று தோன்றியது. “ஏனுங்க்கா, ஆனை நிசமாவே வந்துட்டுப் போயிருக்குமோ?” என்றாள் ரேவதி. சதுப்பில் போய்ப் பார்த்தோம். ஒரு தடம் இல்லை.

திரும்பி வருகையில் வழிவிட்டு ஒதுங்கி நின்றோம். கொழுந்து மூட்டைகளைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் ஒற்றையடிப் பாதையில் எடை போடும் இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பின் ஒருத்தி. முன்னால் போகிறவள் கால் வைக்கிறபோதே பின்னால் வருகிறவர்களும் வைத்தார்கள், அந்தச் சரிவில் அப்படி நடந்தால்தான் மூட்டை ஆடாது. ரப்பர் பூட்ஸ், நனைந்த மண், தலைப்பாரம். தும். தும். தும்.

நானும் ரேவதியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சங்கு ஊதிய மூன்று முறையும் இவர்களில் ஒரு வரிசை மூட்டையோடு எடைக்குப் போன நேரம்!

சொல்லவும் தயக்கமாக இருந்தது, சொல்லாமலும் இருக்க முடியவில்லை. “அக்கா… பெட்டி உங்களத்தான் யானைண்டு நினைச்சிருக்கு.”

முத்துலட்சுமி மூட்டையோடு அப்படியே திரும்பினாள்.

“யாரு, நாங்களா?”

“எல்லாரும் சேந்து நடக்கேக்க.”

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். மூட்டை நழுவும் அளவுக்குச் சிரித்தாள். பின்னால் இருந்த செல்வராணி, “ஏட்டி, நான் அப்பவே சொன்னேன்லா, நீ வர வர ஆனை மாதிரி ஆயிட்டன்னு!” என்று கத்த, சரிவு முழுவதும் சிரிப்பு பரவியது. அந்தச் சிரிப்பில்தான் எனக்கும் பளிச்சென்று தட்டியது. இரட்டை! பெண்கள் நடை ஒற்றை ஒற்றையாக விழுகிறது. பார்வதியின் நடை இரட்டை இரட்டையாக விழுந்தது. அதைக் கேட்டு அழகென்று ரசித்தேனே தவிர, பெட்டிக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

“அக்கா, நடந்து காட்டுவீங்களா? மூட்டையோட, மூட்டை இல்லாம, ஏறி, இறங்கி?”

“செக்ரோல்ல இதுக்கும் சம்பளம் போடுவாங்களா?” என்றாள் செல்வராணி. ஆனாலும் முதலில் நடந்தவள் அவள்தான்.

எடை முடிந்த பிறகு, மாலை வெயில் இருக்கும் வரை நடந்தார்கள். வரிசையாக, கும்பலாக, வேகமாக, மெதுவாக. ஒருத்தி கையைத் துதிக்கையாக்கி யானை நடை நடந்து காட்டினாள், அதையும் பதிந்தோம். சூப்பர்வைசர் மணி முதலில் முகம் சுளித்தார், பிறகு தானும் ஒருமுறை நடந்தார். இருட்டுவதற்குள் ரேவதி பதிவுகளைப் பிரித்துப் பெயரிட, நான் பெட்டிக்குள் புதிய கணக்கை ஏற்றினேன். கனமும் நிதானமும் போதாது, அடி இரட்டையாக விழ வேண்டும். முத்துலட்சுமி வீட்டிலிருந்து கப்பையும் மீன் குழம்பும் வந்தது. வேகவைத்த மரவள்ளிக் கிழங்கைத்தான் இங்கே கப்பை என்கிறார்கள். நாங்கள் அதைத் தேங்காய்ச் சம்பலோடு தின்போம். காரமான மீன் குழம்பில் தோய்த்துத் தின்ற அன்றைக்கு, சம்பலிடம் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

மறுநாள் காலை மஞ்சு இறங்கி எதிரே இருந்த வரிசைகூடத் தெரியவில்லை. பெண்கள் பேச்சுச் சத்தத்தோடு சரிவில் இறங்கினார்கள். நாங்கள் கொட்டகையில் திரைமுன் உட்கார்ந்திருந்தோம். கோடு துள்ளியது. தும், தும், தும். சங்கு ஊதவில்லை! ரேவதி என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டாள்.

பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. இரண்டாவது கட்டன் வந்தபோது சங்கு அலறியது.

கீழே பேச்சு நின்றது. யாரும் ஏறவில்லை. நேற்று மூன்றுமுறை ஏமாந்தவர்கள் இவர்கள். மஞ்சுக்குள்ளிருந்து முத்துலட்சுமியின் குரல் வந்தது: “ஏய், ஏறுங்கட்டி! சொன்ன வாக்கு சொன்னதுதான். ஏறுங்க!”

ஒவ்வொருத்தியாக ரோட்டுக்கு வந்தார்கள். முத்துலட்சுமி எல்லாத் தலையையும் பார்த்துவிட்டுக் கடைசியாக ஏறினாள். எல்லோரும் சரிவைப் பார்த்தோம். வெள்ளைப் புகை. வேறொன்றும் இல்லை. நேரம் போனது. ஒருத்தி இருமினாள். செல்வராணி, “என் தூக்குச்சட்டி கீழ கெடக்கு, எடுத்துட்டு வந்துருதேன்,” என்று ஓரடி வைத்தாள்.

“டீச்சர், நிறுத்திரட்டுமா?” என்று மணி சங்கு வயரில் கைவைத்தபடி கேட்டார்.

திரையைப் பார்த்தேன். இரட்டை அடிகள் இருந்தன. ஆனால் அவற்றுக்கு நடுவே எனக்குப் புரியாத ஏதோ இருந்தது. சின்னச் சின்னத் துடிப்புகள், ஒழுங்கே இல்லாமல், ஓடி நின்று, ஓடி நின்று. பார்வதியிடம் இப்படி இல்லை. பெண்களிடமும் இல்லை. மறுபடி தப்பா? நிறுத்தச் சொன்னால் இவர்கள் இறங்குவார்கள். நிறுத்தாமல் ஒன்றும் வராவிட்டால் நாளை ஒருத்தியும் ஏற மாட்டாள். ரேவதியின் முகத்தைப் பார்த்தேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் அசைத்தாள்.

“நிறுத்தாதீங்க. செல்வராணியக்கா, போகாதீங்க. அது வருது.”

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. செல்வராணி நின்றாள்.

காற்று ஒருமுறை வீசியது. மஞ்சு திரைபோல ஒதுங்கியது. பெண்கள் சற்று முன் நின்ற அதே வரிசையில் இரண்டு பெரிய முதுகுகள். சத்தமே இல்லை. அத்தனை பெரிய உடம்புகள் தேயிலைக்கு நடுவே வந்து நின்றதற்கு ஒரு கிளை ஒடிந்த ஒலிகூட இல்லை. இரண்டுக்கும் நடுவிலிருந்து ஒரு குட்டி வெளியே ஓடியது, நின்றது, கொழுந்து மூட்டையொன்றை உதைத்தது, பயந்து தாயிடம் திரும்பி ஓடியது.

“குட்டி!” என்றேன். “ரேவதி, அந்தச் சின்ன அடி குட்டியோடது!” அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள், இரண்டும். யானைக் கூட்டத்தைக் கண்டுபிடிக்கத்தான் பெட்டி செய்தேன். அதில் குழந்தை இருக்கிறதென்று சொல்லும் என்று கனவிலும் நினைக்கவில்லை. இந்த உலகத்தில் அந்தத் துடிப்புகளை வாசிக்கத் தெரிந்தவர்கள் அந்த நிமிடம் நாங்கள் இரண்டே பேர்தான் என்று தோன்றியது.

யாரும் கூச்சல் போடவில்லை. குட்டி தூக்குச்சட்டிகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்க்கும் வரை எல்லோரும் கல்லாக நின்றோம். பிறகு பெரியவள் திரும்பினாள். ஓடையை ஒட்டிக் கிழக்கே, அடுத்த பீல்டுப் பக்கம் நடந்தாள். மற்ற இருவரும் பின்னால் போக, மஞ்சு மூடிக்கொண்டது.

அப்போதுதான் முத்துலட்சுமி ரவிக்கைக்குள்ளிருந்து போனை எடுத்தாள். அவசரத்தில் ஒலிபெருக்கி தட்டுப்பட்டுவிட்டது போலும், எல்லோருக்கும் கேட்டது.

“பேச்சியம்மாக்கா, எங்க இருக்க?”

“ஓடைப் பக்கத்துல. ஏண்டி?”

“ஆன வருது, உங்க பக்கமாத்தான். ரெண்டு பெருசு, ஒரு குட்டி. குட்டி இருக்குறதால கோவமா வரும். எல்லாரையும் கூட்டிக்கிட்டு மேல ஏறு. இப்பவே ஏறு.”

“மஞ்சா இருக்கு, ஒண்ணுந் தெரியலையே.”

“தெரியாதுக்கா. நீ ஏறு.”

மறுபக்கம் கூப்பாடு கேட்டது. பெயர்கள் சொல்லி அழைக்கும் குரல்கள், ஓடும் பூட்ஸ்கள், மூச்சிரைப்பு. முத்துலட்சுமி போனைக் காதில் வைக்காமல் இரு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் குரல் வந்தது, மெதுவாக.

“ஏறிட்டோம்டி. எல்லாரும் ஏறிட்டோம்.” பிறகு, “அந்தா… பாத்துட்டேன். குட்டியும் வருது.”

முத்துலட்சுமி ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

மதியம் பேச்சியம்மா அடுத்த பீல்டிலிருந்து நடந்தே வந்தாள். தங்கையைவிட ஒல்லி, தங்கையைவிடக் குறைந்த பேச்சு. பெட்டியைப் பார்த்தாள். கட்டன் கொடுத்தார்கள், குடித்தாள். தம்ளரை வைத்துவிட்டுக் கேட்டாள்:

“எங்க பீல்டுக்கு எப்போ டீச்சர்?”

பெட்டி ஒன்றுதான் இருந்தது. ஆனால் குப்பிகள் மிச்சம் இருந்தன, வயர் இருந்தது. இரண்டு பீல்டுக்கும் ஒரே பெட்டி போதுமா, வயர் அவ்வளவு தூரம் எட்டுமா என்று ரேவதி தரையில் குச்சியால் வரைந்து கணக்குப் போட்டாள். “எட்டுங்க்கா!” என்று எழுந்தாள். நான் மட்டக்களப்புக்கு அழைத்து, விடுமுறையை நீட்டச் சொல்லிக் கேட்டேன். எங்கள் துறைத்தலைவர் காரணம் கேட்டார். குட்டி என்றேன். அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் சரி என்றார்.

வயர்ச் சுருளை உருட்டிக்கொண்டு பேச்சியம்மா பின்னால் போனோம். ஓடை வளைகிற இடத்தில், பாதை ஒடுங்கும் திருப்பத்தில் அவள் நின்றாள். நான் மண்ணைப் பார்த்தேன். ஈரம், சதுப்பு பக்கத்தில், அதிர்வு நன்றாக வரும். ஆராய்ச்சிக்கும் அதுவே சரியான இடம்.

“இங்க குத்துங்க,” என்றாள். “அவுக இங்கனதான் கெடந்தாக.”

குப்பியை நீட்டினேன். அவளே வாங்கினாள். குனிந்து மண்ணில் நட்டு, பூட்ஸ் காலால் ஒரே மிதியாக உள்ளே அழுத்தினாள். என் கையிலிருந்த மடிக்கணினியில் கோடு உயரமாக எழுந்து மெல்ல அடங்கியது.

“கேக்குதா டீச்சர்?”

“கேக்குதுக்கா.”